கொட்டலசு

எலேயுத்தேரியோ பார்ரியாவின் விரலில்
ஊசி இறங்கவில்லை.
நாற்பது வருடம் நண்டுக்கூண்டுக் கயிறு இழுத்த விரல்கள்.
முதல் இரவு நான்கு ஊசிகள் வீணாயின.
ஐந்தாவதற்கு ஒரு சொட்டு,
கருமி எண்ணி வைத்த காசு மாதிரி.

மணிக்கொரு தரம்
சர்க்கரை எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று
மயக்கத்தில் கிடப்பவரின் கையைப் பிடித்துக்
கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் மருத்துவர் ஓயார்சுன்
அதைக் கொண்டுவந்து மேற்கையில் ஒட்டினார்.
நூறு பெசோ நாணயம் அளவு,
தோலுக்குள் மயிரிழைபோல் ஓர் இழை,
ஐந்து நிமிடத்துக்கு ஓர் எண்.
இனிக் குத்த வேண்டாம் என்றார்.
வாசல்வரை போனவர் திரும்பி,
சந்தேகம் வந்தால் குத்து என்றார்.

புன்ட்டா அரீனாஸில் அன்று
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ளத் தெருவில் கயிறு கட்டியிருந்தார்கள்.
நீரிணையிலிருந்து வந்த காற்று அப்படி.
நானும் கயிற்றைப் பிடித்துத்தான் வேலைக்கு வந்தேன்.

உள்ளே, திரையில் ஒரு பச்சைக் கோடு.
நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்தெட்டு.
எண்ணைவிட
அதன் பக்கத்திலிருக்கும் அம்பைப் பார்க்கப் பழகினேன்:
எங்கே நிற்கிறார் என்பது கிடக்கட்டும்,
எந்தப் பக்கம் சாய்கிறார்?

ஒன்றேகாலுக்கு அலறியது.
அறுபத்தெட்டு.
ஓடினேன்.
ஒருக்களித்துப் படுக்கவைத்ததில்
கை உடம்புக்கடியில் நசுங்கிக் கிடந்தது.
எடுத்துவிட்டேன்.
பத்து நிமிடத்தில் எண் தானே ஏறியது.
பொய்யா, என்று அதைத் திட்டினேன்.

மூன்றே முக்காலுக்கு மறுபடியும்.
அடுத்த படுக்கைப் பெண்ணுக்குச் சளி உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
பொய்யன்தானே, கத்தட்டும்.
எவ்வளவு நேரம் கத்தியது?
குறிப்பேட்டில் நான்கு நிமிடம் என்றிருக்கிறது.
எழுதியது நான்.

இம்முறை கை வெளியேதான் இருந்தது,
தலையணைமேல், யாரோ எடுத்து வைத்ததுபோல.
அறுபத்து மூன்று. அம்பு நேர் கீழே.
மூக்குக் குழாயின் இணைப்பு கழன்று
பால்நிற உணவு போர்வைக்குள் ஊறிக்கொண்டிருந்தது.
அவருடைய சர்க்கரையைப்
படுக்கை குடித்துக்கொண்டிருந்தது.
இன்சுலின் மட்டும்
சொன்ன சொல் தவறாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

பசித்தால் சொல்வோம். கை நடுங்கினால்
ஒரு மிட்டாயாவது தேடுவோம்.
அவருக்கு வாயிருந்த இடத்தில் சுவாசக்குழாய்.
நடுக்கத்தையும் மருந்து தூங்க வைத்திருந்தது.

சுண்டுவிரலைப் பிடித்தேன்.
கயிறு அதிகம் படாதது அது ஒன்றுதான்.
முன்பே தோன்றியிருக்க வேண்டும் எனக்கு.
ஒரே குத்து.
ஐம்பத்தொன்று.

இன்சுலினை நிறுத்தினேன்,
குளுக்கோஸை நரம்பில் ஏற்றினேன்.
ரத்தத்துக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது,
திரைக்குத் தெரியவில்லை.
சதைநீரில் ஊறி, செய்தி வந்து சேரும்வரை
அது இறங்கிக்கொண்டேயிருந்தது:
ஐம்பத்தெட்டு, ஐம்பத்தாறு.
இது பொய்யில்லை, தாமதம்.
தெரிந்திருந்தும்
அவர் சுண்டுவிரலை நான் விடவில்லை.

காலையில் அவர் மனைவி ரோசால்பா வந்தார்,
காற்று கலைத்த தலையோடு.
கையில் ஒட்டியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார்.
"கொட்டலசு மாதிரி இருக்கிறதே.
செப்டம்பரில் படகைக் கவிழ்த்துப்போட்டு
ஒன்று விடாமல் சுரண்டி எடுப்பார் இவர்."
இதை மட்டும் விட்டுவையுங்கள் என்றேன்.
பிறகு இரவைச் சொன்னேன்,
போர்வையை, அந்த நான்கு நிமிடத்தையும் சேர்த்து.

வெகுநேரம் பேசவில்லை.
என்னைப் பார்க்கவும் இல்லை.
கடைசியில் திரையைக் காட்டி,
"நூற்று நாற்பத்தொன்று என்கிறது, நல்லதா?"
நல்லதுதான்.
"இப்போது நன்றாக இருக்கிறார் என்று அர்த்தமா?"

பத்து நிமிடத்துக்கு முன்னால்
நன்றாக இருந்தார் என்றேன்.